ஏஞ்சி மார்ட்டினெஸ்: ரேடியோக்காரரா, ராப் பாடகியா?

கேள்வி இதுதான்: “ஏஞ்சி மார்ட்டினெஸை ‘நியூயார்க்கின் குரல்’ என்கிறார்கள். அவர் ரேடியோவில் பேசுகிறவரா, ராப் பாடுகிறவரா? இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியுமா? ஹிப் ஹாப் ஆட்கள் அவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை தருகிறார்கள்?”

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: ரேடியோக்காரர். ராப் என்பது அவர் நடுவில் சில வருஷம் போய்த் தங்கிவிட்டு வந்த பக்கத்து வீடு. போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. கிராமி பரிந்துரை, பில்போர்டு பட்டியலில் 15ஆம் இடம் என்று முழுநேர ராப் பாடகர்கள் பலருக்கே கிட்டாததைக் கையில் பிடித்துக்கொண்டுதான் திரும்பினார். ஆனாலும் சொந்த வீடு ரேடியோதான்.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. அவர் பேட்டிகளைப் பல வருஷமாகக் கேட்டுவருகிறேன். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: அந்த மரியாதையில் பாதிக்கு மேல் அவர் மைக்கில் சொல்லாமல் வைத்துக்கொண்டதற்காகக் கிடைத்தது. வாயைத் திறந்தால்தான் சம்பளம் என்கிற தொழிலில் இது விசித்திரமாகப் படலாம். போகப்போகப் புரியும்.

அதற்கு முன்னால் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துவிடுவோம். நாம் ‘ஆர்ஜே’ என்கிறோமே, அந்தப் பெயர் அமெரிக்காவில் புழக்கத்தில் இல்லை. ரேடியோவில் பேசுகிறவரையும் அங்கே டிஜே என்றே சொல்லிவந்தார்கள். ஹிப் ஹாப்பிலோ டிஜே என்றால் இரண்டு டர்ன்டேபிளை வைத்துக்கொண்டு இசைத்தட்டைத் தேய்த்து, வெட்டி, ஒட்டி ஓடவிடுகிறவர். மைக் பிடித்து ராப் சொல்கிறவர் எம்சி. ஏஞ்சி இசைத்தட்டு தேய்க்கிற ஆள் இல்லை. அவர் மாதிரி ஆட்களுக்கு ‘ஆன் ஏர் பர்சனாலிட்டி’ என்று நீளமான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ சிலோன் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல் கேட்டால் பாட்டு எதுவானாலும் சரி என்று உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்!

ஹிப் ஹாப்பும் ரேடியோவும் ஆரம்பத்தில் ஒட்டவே இல்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த ஒரு கொண்டாட்டத்தைத்தான் ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு இசைத்தட்டு ஓட்டியவர் கூல் ஹெர்க் என்று எல்லாரும் சொல்வார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்கலாம் என்று அந்த நிகழ்ச்சியையே ஏற்பாடு செய்தவர் அவருடைய சகோதரி சிண்டி கேம்பெல். அதைச் சொல்ல மட்டும் பலருக்கு மறந்துபோகும்.

ராப் இசைத்தட்டாக வந்தது 1979ல். அந்த வருஷமே பிலடெல்பியாவில் வானொலியில் இருந்த லேடி பி என்ற பெண் சொந்தமாக ஒரு ராப் சிங்கிள், அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டு, வெளியிட்டார். ராப் பதிவு செய்த முதல் பெண்கள் வரிசையில் அவருக்கு இடமுண்டு. பிறகு அதே ஊரில் பவர் 99 நிலையத்தில் ராப் நிகழ்ச்சி நடத்தி, அடுத்த தலைமுறைக்கே காது பழக்கிவிட்டார். ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கு 1979லேயே ஒரு பதில் இருந்திருக்கிறது.

நியூயார்க்கில் டபிள்யூபிஎல்எஸ் நிலையத்தில் மிஸ்டர் மேஜிக், கிஸ் எஃப்எம்மில் ரெட் அலர்ட் என்று 1980களின் தொடக்கத்தில் வார இறுதி இரவுகளில் மட்டும் ராப்புக்கு இடம் கிடைத்தது. பிள்ளைகள் அந்த நேரத்துக்குக் கேசட்டைப் போட்டுத் தயாராக உட்கார்ந்து பதிவு செய்துகொள்வார்கள். அந்த நிகழ்ச்சிகளுக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதற்கு ஒரு கதை போதும். 1984ல் யுடிஎஃப்ஓ என்ற ஆண்கள் குழு ரொக்சேன் என்ற பெண்ணைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு வெளியிட்டது. மிஸ்டர் மேஜிக் சம்பந்தப்பட்ட நிகழ்ச்சி ஒன்றில் பாடுவதாக ஒப்புக்கொண்டு, பிறகு வராமல் இருந்துவிட்டது. குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, அந்தப் பாட்டின் ரொக்சேனே நான்தான் என்று பெயர் வைத்துக்கொண்டு எதிர்ப்பாட்டுப் பாடினாள். மிஸ்டர் மேஜிக் அதை ஒலிபரப்பினார். ரொக்சேன் ஷாண்டே என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. அந்த ஷாண்டே பிற்காலத்தில் ராப் பாடகர் எல்எல் கூல் ஜேயின் செயற்கைக்கோள் வானொலி அலைவரிசையில் தானே நிகழ்ச்சி நடத்துகிறவராக வந்து உட்கார்ந்தார். ரேடியோ ஏற்றிவிட்ட ஆள் ரேடியோவுக்கே திரும்பியது எனக்கு இன்றைக்கும் பிடித்த திருப்பம்.

சரி, ஏஞ்சிக்கு வருவோம். பிறந்தது 1971, நியூயார்க்கில். புவேர்ட்டோ ரிக்கோ வேர்கள் உள்ள குடும்பம், வளர்ந்தது புரூக்ளினில். ஹிப் ஹாப்பைக் கறுப்பின மக்களின் இசை என்று சொல்வது சரிதான். ஆனால் பிராங்க்ஸில் அது முளைத்தபோதே புவேர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளும் அதே தெருவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதனால் இவர் அந்த இசைக்கு வெளியாள் கிடையாது.

அம்மா வானொலித் துறையில் வேலை பார்த்தவர். பதின்ம வயதில் மகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவது அதிகமாகவே, மயாமியில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். திருத்துவதற்காக அனுப்பிய ஊரில்தான் பவர் 96 என்ற நிலையத்தில் சம்பளமில்லாப் பயிற்சியாளராக முதல்முறை ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார். நியூயார்க் திரும்பியதும் ஹாட் 97 என்ற நிலையம். அங்கே கீழ்மட்ட வேலைகளில் தொடங்கி, ஃபங்க்மாஸ்டர் ஃப்ளெக்ஸ் என்ற டிஜேயின் நிழலில் தொழில் கற்றார்.

காலமும் கூட நின்றது. ஹாட் 97 முதலில் நடன இசை நிலையம். 1990களின் தொடக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஹிப் ஹாப் பக்கம் சாய்ந்தது. இரவு மூலையில் ஒளிந்திருந்த ராப்பைக் காலையிலும் மாலையிலும் போட ஆரம்பித்தார்கள். அதன் உரிமையாளரான எம்மிஸ் நிறுவனம் போட்டி நிலையமான கிஸ் எஃப்எம்மை 1994ல் வாங்கி, அதைப் பழைய சோல் பாட்டுகளின் பக்கம் திருப்பிவிட்டது. ராப்புக்கு ஊரில் ஹாட் 97ஐ விட்டால் வேறு பெரிய வாசல் இல்லை என்றாயிற்று. நாஸ், வூ டாங் கிளான், நோட்டோரியஸ் பிஐஜி, ஜே ஸி எல்லாரும் கிளம்பிய வருஷங்கள் இவை. அந்த வாசலில் உட்கார்ந்திருந்த குரல்களில் ஒன்று ஏஞ்சியுடையது. திறமை இருந்தது, உழைப்பும் இருந்தது. ஆனால் சரியான கட்டடத்தில் சரியான வருஷத்தில் இருந்ததும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அவர் நடத்திய ஒரு பகுதி ‘பேட்டில் ஆஃப் த பீட்ஸ்’. இரண்டு புதுப் பாட்டைப் போடுவார்கள், நேயர்கள் போன் செய்து எது மேல் என்று ஓட்டுப் போடுவார்கள். எளிமையான விளையாட்டுதான். ஆனால் போனை எடுக்கிற ஆளுக்கு ஒரு பெரிய பாடம் அதில் இருக்கிறது. பாட்டு நிறுவனக்காரர் என்ன சொன்னாலும் சரி, ஊர் என்ன நினைக்கிறது என்று தினமும் காதால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

இனி அந்த டேப் கதை. ஏஞ்சியைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1994 நவம்பர் 30 அன்று நியூயார்க்கின் குவாட் ஸ்டுடியோ வாசலில் ராப் பாடகர் டூபாக் ஷகூர் சுடப்பட்டார். பிழைத்துக்கொண்டார். தன் நண்பராக இருந்த பிஐஜியும் அவருடைய கூட்டமும் இதை முன்பே அறிந்திருந்தார்கள் என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. சிறையிலிருந்து 1995 அக்டோபரில் ஜாமீனில் வந்து கலிபோர்னியாவின் டெத் ரோ இசை நிறுவனத்தில் சேர்ந்தார். கிழக்குக் கடற்கரை, மேற்குக் கடற்கரை என்று ஹிப் ஹாப் இரண்டாகப் பிளந்து நின்றது. நியூயார்க் ரேடியோ கிழக்கின் கோட்டை. டூபாக்கின் பக்கத்தை நியூயார்க் கேட்கவே வழியில்லாத நேரம்.

1996ல் ஏஞ்சி கலிபோர்னியாவுக்குப் போய் டூபாக்கைப் பேட்டி எடுத்தார். அவருக்கு அப்போது வயது 25, டூபாக்குக்கு 24. பேட்டி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடியது. டூபாக் எதையும் மூடி மறைக்கிற ஆள் இல்லை. பெயர் சொல்லித் திட்டுவார், சவால் விடுவார், சிரிப்பார், தத்துவமும் பேசுவார். அந்த டேப்பை அப்படியே ஒலிபரப்பியிருந்தால் அமெரிக்க வானொலியில் அந்த வருஷம் அதைவிடப் பெரிய பேச்சு வேறு இருந்திருக்காது. எந்த நிலையமும், எந்தத் தொகுப்பாளரும் கனவு காண்கிற பொருள் அது.

அவர் ஒலிபரப்பியது சுமார் 12 நிமிடம்.

மற்றதை வைத்துக்கொண்டார். பெரிய நெருப்புக்குப் பக்கத்தில் எண்ணெய்க் குடத்தோடு நிற்கிறோம் என்ற பயம்தான் காரணம். அந்தச் சொற்கள் காற்றில் போனால் தெருவில் யாராவது சாகக்கூடும் என்று நினைத்தார். செப்டம்பர் 13 அன்று டூபாக் லாஸ் வேகாஸில் இறந்தார். ஆறு மாதத்துக்குள், 1997 மார்ச் 9 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் பிஐஜி கொல்லப்பட்டார். பேட்டியை முழுதாகப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் நடந்தது நடந்திருக்கும் என்று வாதாடலாம். ஆனால் அதில் தன் பங்கு இருந்ததா என்று இரவில் யோசிக்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. பிறகு பேட்டியின் ஒரு பகுதியை எழுத்தில் வெளியிட்டது 2016ல், தன் வாழ்க்கைக் கதையில். ராப் பாடகர் ஜே கோல் முன்னுரை எழுதிய புத்தகம் அது. இருபது வருஷம்! அதற்குள் அந்த டேப்பை விலைக்குக் கேட்டு எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பது நம் ஊகத்துக்கு.

இதைக் கோழைத்தனம், தணிக்கை என்றுகூடச் சிலர் சொல்லலாம். பத்திரிகையாளரின் கடமை வெளியிடுவது அல்லவா என்ற கேள்வி நியாயமானதே. நான் ஏஞ்சி பக்கம் நிற்கிறேன். காரணத்தை அவருடைய நிலையத்தின் வாசலே பிறகு காட்டியது. 2001 பிப்ரவரியில் ஹட்சன் தெருவில் ஹாட் 97 கட்டடத்துக்கு வெளியே இரண்டு ராப் கூட்டங்கள் மோதின. 20க்கு மேற்பட்ட குண்டுகள் பறந்தன. ராப் பாடகி லில் கிம்மின் கூட்டம் ஒரு பக்கம், ராப் பாடகர் கபோனின் கூட்டம் மறுபக்கம். பாட்டில் விழுந்த ஒரு வசைதான் மூலம். அதைப் பற்றி நீதிமன்றத்தில் பொய் சொன்னதற்காக லில் கிம்முக்கு 2005ல் ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறைத் தண்டனை கிடைத்தது. அதே 2005 பிப்ரவரியில் 50 சென்ட் என்ற ராப் பாடகர் ஹாட் 97 ஸ்டுடியோவில் உட்கார்ந்து, தி கேம் என்ற இன்னொரு ராப் பாடகர் இனி எங்கள் குழுவில் இல்லை என்று நேரலையில் அறிவித்தார். சிறிது நேரத்தில் அதே வாசலில் துப்பாக்கிச் சூடு, ஒருவர் காலில் குண்டு. மைக்கில் சொல்வது தெருவில் போய் என்ன ஆகும் என்று 1996லேயே ஒருவர் கணக்குப் போட்டிருந்தார் என்றால், அது பயம் மட்டுமில்லை.

இந்த இடத்தில் வெண்டி வில்லியம்ஸை நினைக்காமல் இருக்க முடியாது. அவரும் 1990களில் ஹாட் 97ல் இருந்தவர்தான். அவர் வழி நேர் எதிர்: யார் யாரோடு, யார் வீட்டில் என்ன என்று எல்லாவற்றையும் போட்டு உடைப்பது. அதில் அவர் பெரிய கலைஞர். பிலடெல்பியா, டபிள்யூபிஎல்எஸ், பிறகு தொலைக்காட்சி என்று உச்சத்துக்கும் போனார். ஒரே கட்டடத்தில், ஒரே காலத்தில், இரண்டு பெண்கள், இரண்டு கடை. ஒருவரிடம் விஷயம் போனால் ஊருக்குத் தெரியும். இன்னொருவரிடம் போனால் தேவையானது மட்டும் தெரியும். பெரிய நட்சத்திரங்கள் கஷ்டகாலத்தில் எந்தக் கதவைத் தட்டுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘ஏஞ்சியிடம் பேசிவிடுகிறேன்’ என்பது நியூயார்க் ராப்பில் ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது.

இப்போது ராப். 1997ல் மூத்த ராப் பாடகர் கேஆர்எஸ் ஒன் தன் ‘ஹார்ட்பீட்’ பாட்டில் ரெட்மேனோடு சேர்த்து இவரையும் பாட வைத்தார். பாடமே பெரிய வாத்தியாரிடமிருந்து. அதே வருஷம் லில் கிம் தன் பழைய பாட்டான ‘நாட் டுநைட்’டைப் பெண்கள் மட்டும் பாடும் ரீமிக்ஸாக மாற்றினார். கூல் அண்ட் த கேங் குழுவின் ‘லேடீஸ் நைட்’ மெட்டை அடியில் போட்டுக்கொண்டு லில் கிம், டா பிராட், டிஎல்சி குழுவின் லெஃப்ட் ஐ, மிஸ்ஸி எலியட், ஏஞ்சி மார்ட்டினெஸ் என்று ஐந்து பேர். பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 6ஆம் இடம், எம்டிவி விருது மேடையில் அரங்கேற்றம், அடுத்த ஆண்டு கிராமி பரிந்துரை. மற்ற நால்வரும் முழுநேரப் பாடகிகள். ஐந்தாவது ஆள் மாலையில் போய் ரேடியோவில் பாட்டுப் போட வேண்டியவர்.

பாட்டைக் கேட்டால் ஒரு விஷயம் கவனிக்கலாம். டா பிராட்டின் வேகமோ மிஸ்ஸியின் கிறுக்குத்தனமான திருப்பங்களோ ஏஞ்சியிடம் கிடையாது. அவர் வரி ஒவ்வொன்றும் தெளிவாக, உச்சரிப்பு சிதையாமல், பேசுகிற மாதிரியே வந்து விழும். அது ரேடியோ கொடுத்த பயிற்சி. பாட்டின் தொடக்க இசை ஓடுகிற பத்துப் பதினைந்து வினாடிக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி, பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்த வேண்டும். ‘போஸ்ட்டை அடிப்பது’ என்பார்கள். பாடகர் குரல்மேல் ஏறிவிட்டால் மானம் போயிற்று. இதைத் தினம் பல தடவை செய்கிற ஆளுக்குக் கடிகாரம் உடம்புக்குள்ளேயே ஓடும். ராப்பில் ஒரு ஆளின் பங்கு பெரும்பாலும் 16 பார்; ஒரு பார் என்றால் நான்கு தட்டு. நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில் 64 தட்டு, ஏறக்குறைய 43 வினாடி. மூச்சை எங்கே எடுப்பது, எங்கே முடிப்பது என்ற கணக்கில் இரண்டு தொழிலும் அக்கா தங்கைதான்.

வேறுபடுகிற இடம் வேறு. ரேடியோவில் நல்ல குரல் ஒரே ஒரு ஆளிடம் பேசும். காரில் தனியாகப் போகிறவரிடம், கடையை மூடிக்கொண்டிருக்கிறவரிடம். ராப்போ ‘என்னைப் பார்’ என்று நெஞ்சைத் தட்டுகிற கலை. மற்றவரைப் பேச வைத்தே பழகிய ஒருவர் தன்னைப் பற்றி அறுபது நிமிடம் பீற்றிக்கொள்ள வேண்டுமென்றால் தடுமாற்றம் வரத்தான் செய்யும். ஏஞ்சியின் ஆல்பங்களில் அந்தத் தடுமாற்றம் எனக்குக் கேட்கிறது. எலெக்ட்ரா நிறுவனத்தில் 2001ல் ஒன்று, 2002ல் ஒன்று என இரண்டு ஆல்பம் வந்தன. முதலாவதில் விருந்தாளிகள் கூட்டம் அதிகம். வீட்டுக்காரர் சமையல்கட்டிலேயே நிற்கிற விருந்து மாதிரி. இரண்டாவதிலிருந்து வந்த ‘இஃப் ஐ குட் கோ’, லில் மோவும் சக்காரியோவும் கூடப் பாடியது, ஹாட் 100ல் 15ஆம் இடம் பிடித்தது. கோடைகாலப் பாட்டு, காற்றாட இருக்கும். வானொலிக்கு எது பொருந்தும் என்று தெரிந்த காது அதில் நன்றாகவே தெரியும். அதோடு ஆல்பங்கள் நின்றுவிட்டன.

நின்றதற்கு நடைமுறைச் சிக்கல் ஒன்றும் துணை நின்றிருக்கும். ஒரு நிலையத்தின் முகமாக இருக்கிறவரின் பாட்டைப் போட்டி நிலையம் எப்படி மனமுவந்து போடும்? போட்டால் எதிரிக்கு விளம்பரம். சொந்த நிலையம் அதிகம் போட்டால் ‘தன் பாட்டைத் தானே போட்டுக்கொள்கிறார்’ என்ற பேச்சு. அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போடுவதை நேயருக்குச் சொல்லாமல் மறைப்பது 1960லிருந்து சட்டப்படி குற்றம் என்பதால், பாட்டுப் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பது அங்கே எப்போதும் கூச்சமான விஷயம். பொதுவாகப் பெரிய நிலையங்களில் பட்டியலைத் தீர்மானிப்பது நிகழ்ச்சி இயக்குநர்தான், மைக்கில் பேசுகிறவர் அல்ல. நேயருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

இதே காலத்தில் நடந்த இன்னொரு சின்னச் சம்பவம் அவர் குணத்தைக் காட்டும். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியான ‘அமெரிக்கன் ஐடல்’ இரண்டாம் சீசனுக்கு நான்காவது நடுவராக அவரை எடுத்தார்கள். முதல் சீசன் நாட்டையே கட்டிப்போட்டிருந்தது. யாராவது வேண்டாம் என்பார்களா? அவர் சில நாளிலேயே விலகிவிட்டார். கனவோடு வந்து நிற்கிற பிள்ளைகளை முகத்துக்கு நேரே நொறுக்குவது தனக்கு ஒத்துவரவில்லை என்றார். டேப்பை வைத்துக்கொண்ட ஆளும் இவரும் ஒருவர்தான் என்பது எனக்கு இதில் தெரிகிறது.

அதற்காக அவர் நிகழ்ச்சியில் சண்டையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2001 டிசம்பரில் ஜே ஸியும் நாஸும் பாட்டாலேயே அடித்துக்கொண்டபோது களம் ஹாட் 97தான். நாஸின் ‘ஈத்தர்’ வெளிவந்ததும் ஜே ஸி பதிலுக்கு ஒரு பாட்டை அந்த நிலையத்தில் இறக்கினார். நாஸின் குழந்தையின் தாயைக் குறித்த அசிங்கமான வரிகள் அதில் இருந்தன. நேயர்கள் ஓட்டுப் போட்டார்கள்; நாஸ் ஜெயித்தார். அதைவிட முக்கியம், பாட்டைக் கேட்ட ஜே ஸியின் அம்மா மகனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள் என்றார். அவரும் வானொலியிலேயே கேட்டார். நாட்டிலேயே பெரிய ராப் பாடகர், அம்மா சொன்னதற்காக. இந்தச் சண்டையில் யாரும் சாகவில்லை. 2005ல் இருவரும் ஒரே மேடையில் கைகுலுக்கினார்கள். 1996ன் சூடு தெரிந்தவர்கள் பலர் இந்த முறை சுற்றிலும் நின்றதுதான் வித்தியாசம்.

2014 ஜூனில் அவர் ஹாட் 97ஐ விட்டுப் போவதாக அறிவித்தார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு இருந்த இடம். ஓய்வு பெறுகிறார் போல என்று ஊர் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, அடுத்த நாள் நேர் எதிரியான பவர் 105.1ல் சேருகிறார் என்ற செய்தி வந்தது. கிளியர் சேனல் நிறுவனத்தின் நிலையம் அது. சில மாதத்தில் அந்த நிறுவனமே ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. அவர் நிகழ்ச்சி நியூயார்க்கோடு மயாமியிலும் ஒலித்தது. மட்டம் போட்டதற்காக அனுப்பிவைக்கப்பட்ட அதே மயாமி! 2020ல் தேசிய ரேடியோ புகழ்மன்றத்தில் இடம் கிடைத்தது. 2022ல் ‘ஐஆர்எல்’ என்று ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்தார். கடிகாரம் பார்க்காமல் பேசலாம், நடுவில் பாட்டும் போட வேண்டாம். இதற்குத்தான் இவர் பிறந்தாரோ என்று தோன்றுகிற வடிவம்.

எதிர்த்திசையில் வந்தவரையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதிலே ஆகும். மோனி லவ், லண்டனின் பேட்டர்சீ பகுதிப் பெண். 1989ல் குவீன் லத்தீஃபாவோடு பாடிய ‘லேடீஸ் ஃபர்ஸ்ட்’ மூலம் அமெரிக்காவில் பெயர் வாங்கியவர், கிராமி பரிந்துரை வரை போனவர். ராப்பில் மார்க்கெட் மாறிய பிறகு ரேடியோவுக்கு வந்தார். பிலடெல்பியாவில் காலை நிகழ்ச்சி நடத்தியபோது, 2006ன் கடைசியில், ராப் பாடகர் யங் ஜீஸியோடு நேரலையில் ஒரு வாக்குவாதம். ஹிப் ஹாப் செத்துவிட்டது என்று நாஸ் ஆல்பத்துக்கே பெயர் வைத்திருந்தார். அது சரியா தப்பா என்று இருவரும் மல்லுக்கட்டினார்கள். கேட்டால் வித்தியாசம் உடனே புரியும். மோனி ஒரு எம்சியாகவே வாதாடுகிறார், விட்டுக்கொடுக்கவில்லை. ஏஞ்சியாக இருந்தால் ஜீஸியையே பேசவிட்டு, அவர் வாயாலேயே சிக்க வைத்திருப்பார் என்பது என் கணிப்பு. ராப்பிலிருந்து ரேடியோவுக்கு வருகிறவர்களுக்கு எதிராளியை மடக்குகிற பழக்கம் போகாது. ரேடியோவிலிருந்து ராப்புக்குப் போகிறவர்களுக்கு எதிராளிக்கு இடம் விடுகிற பழக்கம் போகாது. இரண்டையும் செய்யலாம், செய்திருக்கிறார்கள். எது முதலில் உடம்பில் ஏறியதோ அது கடைசிவரை தெரியும்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். 1997ன் அந்த ஐவர் பாட்டை முதலில் கேளுங்கள், அவர் பகுதி எங்கே தொடங்குகிறது என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். பிறகு பாட்காஸ்டில் உங்களுக்குப் பிடித்த யாராவது வந்த ஒரு பேட்டி. கேள்விகளைக் கவனிக்க வேண்டாம். கேள்வி கேட்டு முடித்த பிறகு, வந்தவர் பதில் சொல்லி முடித்த பிறகும், அவர் உடனே அடுத்ததுக்குத் தாவாமல் இரண்டு மூன்று நொடி சும்மா இருப்பார். அந்த நொடியில் எதிரில் இருப்பவர் தாங்க முடியாமல் இன்னொரு வாக்கியம் சொல்வார். பெரும்பாலும் அந்தப் பேட்டியின் நல்ல வாக்கியம் அதுதான்.